கைரேகை நம்முடையது, கணக்குச் சொல்ல வேண்டியது வங்கி

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் ஆயிரம் ரூபாய் பெண்களின் கணக்கில் ஏறியது. ஏறிய கையோடு சில வங்கிகள் அதில் கை வைத்தன. குறைந்தபட்ச இருப்பு இல்லை, பழைய கட்டணம் பாக்கி என்று காரணம் சொன்னார்கள். நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அதைக் கண்டித்து அறிக்கை விட்டார். பிடித்தம் செய்த வங்கி மீது 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண்ணில் புகார் செய்யலாம் என்று அரசு சொன்னது. அந்த ஒரு முறை விஷயம் செய்தியானது. மற்ற நாட்களில் நம் மக்களின் கணக்கிலிருந்து இருபதும் நானூறும் மூவாயிரமும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அதற்கு அறிக்கை விட யாரும் இல்லை.

ஏழையின் கணக்கில் இரண்டு பேர் கை வைக்கிறார்கள். ஒருவர் வெளியிலிருந்து வரும் மோசடிக்காரர். இன்னொருவர் வங்கியே. இரண்டாவது ஆளைப் பற்றிப் பேசும்போது பலர் நம்ப மறுக்கிறார்கள். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் 2021இல் வெளியிட்ட ஆய்வு அதற்குச் சாட்சி. ஜன்தன் கணக்கு போன்ற அடிப்படை சேமிப்புக் கணக்கு வைத்திருந்தவர்கள் மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் அனுப்பினால், யு.பி.ஐ.யில் சின்னத் தொகை அனுப்பினாலும்கூட, ஒவ்வொரு முறைக்கும் 17 ரூபாய் 70 காசு பிடித்தது ஸ்டேட் வங்கி. 2017 ஏப்ரல் முதல் 2020 செப்டம்பர் வரை இப்படிப் பிடித்தது 254 கோடி ரூபாய்க்கு மேல். ஒன்றிய அரசு சொன்ன பிறகு திருப்பிக் கொடுத்தது 90 கோடி. மீதி 164 கோடி திரும்பவில்லை என்றது அந்த ஆய்வு. பதினேழு ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்கள் என்ற கணக்குத்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

சேலம், நாமக்கல் சமவெளியில் வேலை செய்யும் எங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிகிறது. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் சேகோ ஆலையிலும், பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களிலும், நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும் வேலை செய்கிற நம் பெண்கள் வங்கிக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும். அதனால் ஊர்த்தெருவில் கைரேகை மெஷின் வைத்திருக்கும் வங்கி முகவரிடம் பணம் எடுக்கிறார்கள். "ரேகை விழல, இன்னொரு தடவ வை" என்கிறார் அவர். வைக்கிறார்கள். இரண்டு முறை வைத்ததற்கு இரண்டு முறையும் பணம் எடுக்கப்பட்டதா என்பது, மூன்று மாதம் கழித்து பாஸ்புக்கில் என்ட்ரி போடும்போதுதான் தெரிகிறது. கல்வி உதவித்தொகையும் இதே கதைதான். ஆதி திராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு இப்போது ஆதார் இணைத்த மாணவர் கணக்குக்கே நேராக வருகிறது. பணம் வந்ததும் ஏதோ ஒரு பெயரில் பிடித்தம் நடந்தால், கல்லூரிக்கும் வங்கிக்கும் நடுவே அலைவது அந்தப் பிள்ளைதான்.

வங்கியில் போய்க் கேட்டால் என்ன பதில் வருகிறது? "உன் ரேகைதானே, நீதான் எடுத்திருப்ப." "ஓ.டி.பி.ய யாருக்காவது சொன்னியா?" "இதெல்லாம் மேல எழுதணும், அடுத்த மாசம் வா." எங்களோடு வருகிற அம்மாக்கள் அறுபது வயதைத் தாண்டியவர்களாக இருந்தாலும், எதிரே இருப்பவர் வாயில் 'வா, போ'தான் வருகிறது. பணத்தை இழந்தவரே குற்றவாளிபோல நின்று, நான் எடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எடுக்காததை எப்படி நிரூபிப்பது?

சட்டம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. நம் மக்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி எல்லா வணிக வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனையில் பணம் போனால், அதற்கு வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அது சொல்கிறது. வங்கியின் தவறாலோ, வங்கி சார்ந்த மோசடியாலோ பணம் போயிருந்தால், நாம் எப்போது புகார் கொடுத்தோம் என்பதே கேள்வியில்லை. முழுத்தொகையும் வங்கியின் பொறுப்பு. வங்கியும் தவறு செய்யவில்லை, நாமும் செய்யவில்லை, வேறு யாரோ செய்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு ஒரு ரூபாயும் நட்டமில்லை. நான்கு முதல் ஏழு நாளுக்குள் சொன்னால், அடிப்படை சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 5,000 ரூபாய், சாதாரண சேமிப்புக் கணக்கு என்றால் 10,000. அதற்கு மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் பணத்தைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். நாமே ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்திருந்தாலும்கூட, புகார் கொடுத்த நேரத்துக்குப் பிறகு போகிற பணம் வங்கியின் நட்டம்தான்.

இந்த விதியிலேயே எங்களுக்கு ஒரு சண்டை இருக்கிறது. 5,000 ரூபாய் என்பது சின்னத் தொகை என்று எழுதியவர் நினைத்திருப்பார். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். பதினைந்து நாள் வெயிலில் மண் வெட்டினால்தான் 5,000 வரும். மூன்று நாள் கெடு என்பதும், கையில் போன், போனில் ரீசார்ஜ், வருகிற ஆங்கிலக் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரிந்த கண் எல்லாம் உள்ளவருக்கு வைத்த கெடு. ஆனால் விதியின் சொற்களைக் கவனியுங்கள். மூன்று நாள் எண்ணத் தொடங்குவது பணம் போன நாளிலிருந்து இல்லை. வங்கி நமக்குத் தகவல் கொடுத்ததிலிருந்து. கணக்கில் போன் எண்ணே இல்லை, பழைய எண்தான் இருக்கிறது, குறுஞ்செய்தியே வரவில்லை என்றால் வங்கி எப்போது தகவல் கொடுத்தது? பாஸ்புக்கில் என்ட்ரி விழுந்த நாளில்தான் நமக்குத் தெரிந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "லேட்டா வந்துட்டீங்க" என்ற ஒரு வார்த்தைக்குப் பணிந்து திரும்பி வரக்கூடாது.

கைரேகை முகவர் விஷயத்திலும் இதே உறுதி வேண்டும். அவர் தனி ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கிளையில் கை கழுவுவார்கள். முகவரை வைத்துக்கொள்ள வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தபோதே, அவர் செய்வதற்கும் செய்யத் தவறுவதற்கும் வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அவர் செய்த மோசடி வங்கி சார்ந்த மோசடிதான் என்று நாம் வாதிட வேண்டும்.

நீதிமன்றங்களும் இந்தப் பக்கம் நின்றிருக்கின்றன. 2010 ஏப்ரலில், தூத்துக்குடி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்து பணம் இழந்த வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி விசாரித்த தமிழக அரசின் துறைச் செயலாளர், வங்கி 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். குறுஞ்செய்தி அனுப்பினோம், அவர் பதில் சொல்லவில்லை என்ற ஒரே காரணத்தால் வங்கி தப்பிக்க முடியாது என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், ஸ்டேட் வங்கியின் மேல்முறையீட்டைத் தள்ளி, அசாமைச் சேர்ந்த வாடிக்கையாளருக்கு 94,204 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்ன தீர்ப்பை உறுதி செய்தது. மோசடிக்காரன் பேச்சைக் கேட்டுச் செயலியை இறக்கியவர் அவர். ஆனால் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டார். அதுதான் அவரைக் காப்பாற்றியது.

எனவே பணம் போனது தெரிந்ததும் முதல் வேலை 1930க்குப் போன். இது சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த இதுதான் வழி. அதே நாளில் வங்கியில் எழுத்துப் புகார். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் தபால் நிலையத்திலிருந்து ஸ்பீட் போஸ்ட். அந்த ரசீதுதான் நம் ஆயுதம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வர வேண்டாம். முதல் தகவல் அறிக்கை போட மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

முப்பது நாளில் வங்கி பதில் சொல்லவில்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் இல்லை. இணையத்தில் கொடுக்கலாம், தபாலில் சண்டிகர் மையத்துக்கும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. அதற்கும் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், சேலத்திலும் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தால் அவர்கள்தான் இங்கே வர வேண்டும். சின்னத் தொகை வழக்குக்குக் கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேட்காமலேயே காப்பீட்டுக்கு 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடித்திருந்தால், நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். அரசு வங்கி என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படியே கேட்கலாம். படிவம் இல்லையென்றால் அந்தப் பிடித்தம் அனுமதியில்லாதது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. பெண்களுக்கும் அப்படியே. சேலம், நாமக்கல் மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சாதிச் சான்றிதழோடு போனால் வக்கீலை அவர்களே தர வேண்டும். உதவி எண் 15100. இது சலுகை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போராடிப் பெற்ற உரிமை.

இவ்வளவு வழி இருந்தும் நம் மக்கள் ஏன் புகார் கொடுப்பதில்லை? அறியாமை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் பார்க்கும் காரணம் வேறு. பல ஊரில் கைரேகை மெஷின் வைத்திருப்பவர், நாம் வேலைக்குப் போகும் தோட்டத்துக்காரரின் மகன் அல்லது மருமகன். அவர் மேல் புகார் கொடுத்தால் நாளைக்கு வேலையில்லை, அவசரத்துக்குக் கைமாற்று இல்லை, அடுத்த மாதம் பணம் எடுக்கவும் இடமில்லை. இரண்டாயிரம் ரூபாயை விட்டுவிட்டால் ஊரில் பிழைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பயம் என்று யாரும் கேலி செய்ய வேண்டாம். அதைப் போட வைத்தது சாதி.

அதனால் தனி ஆளாகப் புகார் கொடுக்கச் சொல்வதை நாங்கள் நிறுத்திவிட்டோம். ஒரே மெஷினில் ஏமாந்தவர்கள் ஒரே தெருவில் பத்துப் பேர் இருப்பார்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் எல்லோரும் பாஸ்புக்கை எடுத்து வரட்டும். படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டட்டும். பத்துப் புகாரும் ஒரே நாளில் போகட்டும், ஒரு பிரதி திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போகட்டும். புகார் கொடுத்ததற்காக யாராவது பொது இடத்தில் சாதி பெயர் சொல்லித் திட்டினால், ஊரே ஒதுக்கி வைத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். இரண்டாயிரம் ரூபாய் விவகாரம் அங்கே முடிந்துவிடாது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

நாம் கேட்பது பெரிதில்லை. எழுத்துப் புகாருக்கு அதே இடத்தில் ரசீது. குறுஞ்செய்தி தமிழில். முகவர் எடுக்கிற ஒவ்வொரு தொகைக்கும் அச்சிட்ட சீட்டு. சேரிப் பகுதியிலேயே, நம் படித்த பெண்களையே முகவர்களாக நியமிப்பது. இதில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

அண்ணல் அம்பேத்கர் ரூபாயின் சிக்கலைப் பற்றி ஆய்வு நூல் எழுதி 1923இல் வெளியிட்டவர். நாட்டின் நாணயக் கொள்கையை ஆராய வந்த அரச ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னவர். பணம் யார் கையில் இருக்கிறது, யார் கையிலிருந்து பறிக்கப்படுகிறது என்பது அரசியல் கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பாஸ்புக்கும் அந்தக் கேள்வியின் ஒரு பக்கம்தான். இந்த வாரம் அதை எடுத்துக்கொண்டு போய் என்ட்ரி போடுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தாலும், வரிசையில் எவ்வளவு பேர் நின்றாலும், இது என்ன பிடித்தம் என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.