ஹிரகானா கீகேப், இங்கிலீஷ் விரல்

மெக்கானிக்கல் கீபோர்டு பற்றி நம் ஆட்கள் பேசுவதைக் கேட்டால் வீணைக்கு நரம்பு கட்டுகிறார்களோ என்று தோன்றும். சுவிட்சுக்கு எண்ணெய் போட்டாச்சா, உள்ளே ஃபோம் வச்சாச்சா, சத்தம் ‘தொக்’கா ‘கிளிக்’கா. கீகேப்பில் ஜப்பானிய ஹிரகானா வேறு. வாங்கியவருக்கு அதில் ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. அந்தப் பலகையில் எம், ஏ, இசட், எச், ஏ, ஐ என ஆறு விசை தட்டி ‘மழை’ எழுதுகிறார் தமிழ்க் கவிஞர். தமிழ்99இல் அது மூன்றே விசை: ம, ழ, ஐ.

நல்ல கீபோர்டுக்கு நான் எதிரி இல்லை. நான் தட்டுவது டிவிஎஸ் கோல்டு. மதுரையில் பஸ் விட்ட குடும்பத்துக் கம்பெனி; பில் போடும் கடைகளில் வருஷக்கணக்காக அடிவாங்கிய உருப்படி. அதில் வந்த செர்ரி ப்ளூ சுவிட்ச் நாலு மில்லிமீட்டர் அழுந்தும். பாதி வழியிலேயே ‘டிக்’கென்று சொல்லிவிடும், அடிவரை குத்த வேண்டாம். அந்தச் சுகம் நிஜம்தான். ஆனால் அது பாதிச் சுகம். மீதிப் பாதி, விரல் எந்த வரிசையில் போகிறது என்பதில் இருக்கிறது.

தமிழ்99இல் உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ‘அம்மா’ என்றால் இடம், வலம், வலம், இடம். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ‘ஆண்டிபட்டி’க்கு எட்டு விசை போதும். இங்கிலீஷ் எழுத்தில் ஷிப்ட்டோடு பதினொன்று.

வேகம் போனால் போகட்டும். ண, ன, ந மூன்றுக்கும் தனித்தனி விசை இருந்தால் எது வேண்டும் என்று விரல் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். இங்கிலீஷ் வழியில் ஒரே ‘என்’னைத் தட்டிவிட்டு மென்பொருள் ஊகிக்கட்டும் என்று விடுகிறோம். இன்று வரும் கதைகளில் ‘மனம்’, ‘மணம்’ படும் பாட்டுக்கு இதில் பங்கே இல்லை என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

தமிழ் விசையைப் பற்றி யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது புள்ளிக்கு நகராத விசை வைத்தார். முதலில் புள்ளி, பிறகு எழுத்து. ஆண்டிபட்டி மாதிரி ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போய் லோயர், ஹையர் முடித்து, குரூப் 4 எழுதி வேலைக்குப் போன பெண்களின் விரலில் அந்தப் பாடம் ஏறியிருக்கிறது. 2009இல் கோத்ரெஜ் தட்டச்சுப் பொறி தயாரிப்பை நிறுத்திய பிறகும் பழைய மெஷினை ரிப்பேர் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். அரசோ 1999இல் தமிழ்99ஐ அறிவித்துவிட்டுத் தேர்வைப் பழைய பொறியிலேயே வருஷக்கணக்காக நடத்தியது. பழகிய விரலும் புதிய பலகையும் சந்திக்கவே இல்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அரசைத் திட்டிவிட்டு நாம் தப்ப முடியாது. ஆண்டிபட்டி சக்கம்பட்டியில் தறிச் சத்தம் எப்படியிருக்கு என்று யாரும் வீடியோ போடுவதில்லை. சேலையைப் பிரித்துப் பார்ப்பாங்க, இழை விட்டிருக்கா என்று.

‘பழகிப்போச்சு பாஸ், இதுவே வேகமாத்தான் வருது’ என்பார்கள். சுவிட்ச் மாற்ற ரெண்டு ராத்திரி செலவழிக்கிற ஆளுக்கு விரல் மாற்ற ரெண்டு வாரம் கிடைக்காதா? தமிழ்99 விண்டோஸிலும் மேக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது, காசு கிடையாது. ஹிரகானாவைக் கழற்றவும் வேண்டாம். பழகிய விரல் கீகேப்பைப் பார்த்தா தட்டுது?