நாடகம் வந்தால் நாமும் போவோம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

அண்மையில் எங்கள் பக்கம் ஒரு வெளியூர் நாடகக் குழு வந்தது. மேடையும் இல்லை, திரையும் இல்லை. மரத்தடியில் நாங்கள் வட்டமாக இருந்தோம், நடுவில் அவர்கள் நடித்தார்கள். ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார். இறக்கி வைக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கதை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

முடிந்ததும், "பெட்டிக்குள் என்ன இருக்கிறது?" என்று எங்களிடமே கேட்டார்கள். காணாமல் போன மகனின் சேட்டு என்றார் ஒரு அம்மா. காணி உறுதி என்றார் ஒரு ஐயா. எனக்கு 1990 ஒக்டோபர் ஞாபகம் வந்தது. கையில் அகப்பட்டதோடு வெளியேறிப் புத்தளம், கற்பிட்டி முகாம்களில் வளர்ந்தவர்கள்தானே நாங்கள். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. அங்கே எங்கள் ஆட்கள் என்று இருந்தது என் குடும்பமும் இரண்டு மாணவர்களும் மட்டும்தான். எங்கள் கதை அந்தப் பெட்டிக்குள் போகாமலே நாடகம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

குறை அவர்களில் இல்லை. போகாதது நாங்கள்.

"சேர், இதெல்லாம் நமக்குச் சரிவருமா?" என்று கேட்கிறார்கள். நான் மௌலவி இல்லை, பத்வா சொல்ல வரவில்லை. ஆனால் இரவிரவாக வீட்டில் சீரியல் ஓடும்போது வராத கேள்வி, மரத்தடி நாடகத்துக்கு மட்டும் ஏன் வருகிறது? அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன் முடியுங்கள் என்று நாங்கள் கேட்டால், எந்தக் குழு மறுக்கும்?

"விளங்கவில்லையே" என்பது அடுத்த குறை. மாதோட்டத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் கூத்தில் ஒவ்வொரு வரியும் விளங்கியா சனம் இருக்கிறது? 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணக் கிராமங்களுக்குப் போனது. அதுவும் வழமையான நாடகம் இல்லை. ஆனாலும் தங்கள் வாழ்க்கையை அதில் கண்டதால் சனம் திரண்டு பார்த்தது. பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய ஜனகரலிய, நடமாடும் கூடார அரங்கோடு ஊர் ஊராகப் போனது. தமிழ், சிங்கள இளைஞர்கள் ஒன்றாக இரண்டு மொழியிலும் நடித்தார்கள். அவர்கள் போட்ட 'சரண்தாஸ்' நாடகத்தின் மூலத்தை எழுதியவர் இந்தியாவின் ராய்ப்பூரில் பிறந்த ஹபீப் தன்வீர். நாடகம் நமக்கு அந்நியம் என்பவர்கள் அந்தப் பெயரையாவது யோசிக்கட்டும்.

யப்பானில் 1967இல் கரா ஜூரோ தோக்கியோவின் ஒரு கோயில் வளவில் சிவப்புக் கூடாரம் அடித்து நாடகம் போட்டார். பிறகு கூடார நாடகங்கள் சிறு நகரங்களுக்கும் போயின. பெரிய மண்டபம் இல்லாத ஊருக்கு நாடகம்தான் நடந்து வரவேண்டும். வந்தால் போய் இருப்பது எங்கள் பங்கு.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 'நாடகமும் அரங்கியலும்' பாடத்துக்குக் குறிப்புக் கொடுக்கிறோம். ஒரு நாடகத்தையாவது நேரில் பார்க்காத பிள்ளை அந்தக் குறிப்பை மனனம்தான் செய்யும்.

அடுத்த முறை குழு வந்தால் இன்ஷா அல்லாஹ் முன்கூட்டியே இங்கே போடுவேன். பிள்ளைகளையும் உம்மாமாரையும் கூட்டி வாருங்கள். பெட்டிக்குள் என்ன என்று கேட்டால், இந்த முறை நான் எழும்பிச் சொல்வேன். பக்கத்து ஊர்ச் சகோதரர்களும் அதைக் கேட்கவேண்டும். அவர்கள் சொல்வதை நாங்களும் கேட்கவேண்டும்.

வஸ்ஸலாம்.