உரத்துக்கு இருப்புப் பலகை இருக்கு, புத்தகத்துக்கு?

உரக்கடைக்குப் போனா வாசல்லயே ஒரு பலகை தொங்கும். யூரியா எத்தனை மூட்டை, டிஏபி எத்தனை மூட்டை, என்ன விலைன்னு அதுல எழுதியிருக்கணும். 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்றது அது. எல்லாக் கடையிலயும் ஒழுங்கா எழுதுறாங்களான்னு கேட்காதீங்க. எழுதலைன்னா ஏன்னு கேட்க நமக்கு ஒரு பிடி இருக்கு, அதுதான் விஷயம்.

ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்துல என்னென்ன புத்தகம் இருக்குன்னு பெத்தவங்க யாருக்காவது தெரியுமா?

ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்கணும், நாளிதழும் கதைப் புத்தகமும் அதுல இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்துல புத்தகம் வாங்க, பள்ளியைப் பொறுத்து வருஷத்துக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை இடமிருக்கு. வந்த புத்தகம் இருப்புப் பதிவேட்டுல ஏறும். அப்புறம் பல ஊர்ல பதிவேடும் பீரோவுக்குள்ள, புத்தகமும் பீரோவுக்குள்ள.

தலைமையாசிரியரைக் குத்தம் சொல்லிப் பயனில்லை. புத்தகம் காணாமப் போனா தணிக்கையில பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே, பூட்டத்தான் செய்வார். புத்தகம் பயன்படத்தான்னு 1931-லயே விதி வகுத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். அவர் பிறந்த மண்ணுல இந்த நிலைமை.

நான் கேட்கிறது சின்ன விஷயம். அந்தப் பதிவேட்டை ஒரு நகல் எடுத்து, பள்ளிக்கூட வாசல்ல கயிறு கட்டித் தொங்க விடுங்க. அரசு அலுவலகம் கேட்காமலே தகவலை வெளியிடணும்னு 2005 தகவல் உரிமைச் சட்டத்தோட 4-வது பிரிவே சொல்லுது. பெரிய கோயிலுக்கு யார் என்ன குடுத்தாங்க, நகை என்ன எடைன்னு கல்லுலயே வெட்டி வச்ச ஊர் நம்ம தஞ்சாவூர். நமக்கு இது புதுசில்லை.

ஒரு புத்தகம் பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு யாருக்காவது தோணினாலும், பட்டியல் வெளியில இருந்தா நாலு பேர் முன்னாடி பேசித்தான் ஆகணும். சத்தமில்லாம எடுத்துட முடியாது. ஆனா எந்தப் பிள்ளை எதை எடுத்துட்டுப் போச்சுங்கிறது மட்டும் வாசலுக்கு வரவேண்டாம். அது அந்தப் பிள்ளையோட சொந்த விஷயம்.

பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்கதான். அடுத்த கூட்டத்துல கேட்கலாம். சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்துக்கிட்டு, படிச்ச பள்ளிக்குப் புத்தகம் வாங்கித் தரணும்னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பணம் அனுப்புறதுக்கு முன்னாடி பட்டியலைக் கேளுங்க. இல்லைன்னா ஏற்கனவே ஒன்பது திருக்குறள் இருக்கிற பீரோவுக்குள்ள, நீங்க வாங்கினது பத்தாவதாப் போய் உட்காரும்.