முத்திரையைக் கழுவி உறையை எறிவோர்

பழையதா, புதியதா என்னும் வழக்கு எம்மவர்க்குப் புதிதன்று. இலக்கியத்தில் அது உண்டு, இசையில் உண்டு, உடையிலும் உணவிலுங்கூட உண்டு. இப்போது அது எங்கள் சிறுவர்களின் முத்திரைப் புத்தகத்துள்ளும் புகுந்துவிட்டது. பழைய முத்திரைகளைச் சேர்ப்பதே பெருமை என்று ஒரு சாராரும், அச்சுமை மணக்க வரும் புதிய தொகுதிகளைச் சேர்ப்பதே முறை என்று மற்றொரு சாராரும் வாதாடுகின்றனர். இவ்விரு சாராரையும் மறுக்கவே நாம் இக்கட்டுரையை எழுதுகின்றோம். இருவர் கையிலும் இருப்பது ஒரே தராசு. அத்தராசின் பெயர் விலை.

நடந்த ஒன்றைக் கூறிவிட்டு வாதத்துக்கு வருவோம்.

சில காலத்துக்கு முன்னர் பாடசாலையொன்றில் மாணவரின் பொழுதுபோக்குக் கண்காட்சி நடைபெற்றது. அரியாலையைச் சேர்ந்த மாணவன் ஒருவன் துருவேறிய பிஸ்கற் தகரம் ஒன்றைக் கொண்டுவந்தான். அதனுள் நாற்பது வரையான கடித உறைகள். அவனுடைய பூட்டனார் மலாயாவில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் அவை. உறைகளின் வலப்புறத்தில், பாயும் புலி பொறித்த மலாய்க் கூட்டரசு முத்திரைகள். அதே மண்டபத்தில் மற்றொரு மாணவன் கனடாவிலுள்ள மாமனார் வாங்கி அனுப்பிய புதிய தொகுதிகளை, கண்ணாடிபோன்ற தாள்களுள் அடுக்கி வைத்திருந்தான். அவற்றுள் ஒன்றுதானும் ஒரு கடிதத்தைச் சுமந்ததில்லை.

நடுவர் இருவர். ஒருவர் புதுமைப் பற்றாளர். மங்கிய உறைகளைத் திரும்பியும் பாராது சென்றார். மற்றவர் பழமைப் பற்றாளர். புலிகளைக் கண்டதும் நின்றார். “முத்திரை நல்ல முத்திரை. இந்த ஊத்தை உறைகளோடு வைத்திருந்தால் யார் மதிப்பார்? தண்ணீரில் ஊறவிட்டுக் கழற்றி, காயவைத்துப் புத்தகத்தில் ஒட்டு” என்று அறிவுரை கூறினார். பரிசு புதிய தொகுதிக்கே கிடைத்தது.

அடுத்த வாரம் அம்மாணவன் முப்பத்தேழு புலிகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு எம்மிடம் வந்தான். மூன்று, கழற்றும்போது கிழிந்துவிட்டனவாம். “உறைகள் எங்கே?” என்றோம். “அம்மா அடுப்புக்குள்ள போட்டிட்டா, சேர்” என்றான். கடிதங்களும் உறைகளுக்குள்ளேயே இருந்தன.

அத்தகரம் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் பெயர்ந்து கண்டி வீதியால் நடந்தபோது, அவனுடைய பேத்தியாரின் கையிலிருந்தது. அரியாலையைக் கடந்து, செம்மணி வெளியைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி சென்றது. அடுத்த ஆண்டு மீண்டு வந்தது. நகையை விற்றவர்கள்கூட அதனை விடவில்லை. மழையும் ஷெல்லும் அழிக்காத ஒன்றை ஒரு பொழுதுபோக்கின் விதி அழித்தது. நடுவர்மீது மட்டும் பழிசுமத்திவிட்டு நாம் தப்ப இயலாது. அவர் அறிவுரை கூறியபோது நாமும் அருகில் நின்றோம். பெரியவர் கூறுகின்றார், நாம் குறுக்கிடலாமா என்று வாளாவிருந்தோம். அந்த மௌனத்துக்கு ஈடாகவே இதனை எழுதுகின்றோம்.

முதலிற் பழமைவாதிகளை நோக்குவோம். பழையது அரியது, அரியது உயர்ந்தது என்பது அவர்கள் கொள்கை. பழையதெல்லாம் அரியதன்று. உலகின் முதல் ஒட்டு முத்திரையாக 1840ஆம் ஆண்டு மே மாதம் பிரித்தானியாவில் வெளியான கறுப்புப் பென்னி முத்திரை ஆறு கோடியே எண்பது இலட்சத்துக்கு மேல் அச்சிடப்பட்டது; இன்றும் அது சந்தையிற் சாதாரணமாகக் கிடைக்கின்றது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரில் முதலாந் திகதி வெளிவந்த ஆறு பென்சு முத்திரை. ஆயினும் சேர்ப்போர் ஏங்குவது அதற்கன்று. இரண்டாண்டு கழித்து வந்த மங்கிய ரோசா நிற நான்கு பென்சு முத்திரைக்கே. முதுமைக்கும் விலைக்கும் நேரான தொடர்பில்லை என்பதை இவர்களே ஒப்புக்கொள்வர். எனின், இவர்கள் போற்றுவது வரலாற்றையன்று, தட்டுப்பாட்டையே.

பிரித்தானிய கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சத முத்திரையின் கதையைப் பாருங்கள். 1873இல் பன்னிரண்டு வயதுப் பாடசாலைச் சிறுவன் ஒருவன் தன் உறவினரின் பழைய கடிதங்களிடையே அதனைக் கண்டெடுத்து ஆறு சிலிங்குக்கு விற்றான். 2014இல் அது தொண்ணூற்றைந்து இலட்சம் டொலர் அளவுக்கு விலைபோயிற்று. 2021இல் எண்பத்துமூன்று இலட்சத்துக்கு வாங்கியவர்கள், அதனைப் பங்குகளாகப் பிரித்துப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினர். ஒரு துண்டுத் தாள் பங்குச் சந்தைச் சரக்காயிற்று. அது ஒட்டப்பட்டிருந்த கடிதத்தை யார் யாருக்கு எழுதினார், அதில் என்ன இருந்தது என்று கேட்பார் எவருமிலர். அச்சிறுவன் செய்ததையே எங்கள் மாணவனும் செய்தான்.

இனிப் புதுமைவாதிகள். இவர்கள் சேர்ப்பவை தபாலுக்காகப் பிறந்தவை அல்ல, சேர்ப்போருக்காகவே பிறந்தவை. இத்தொழிலுக்கும் ஒரு வரலாறுண்டு. 1960களில் அஜ்மான், புஜைரா, உம் அல் குவைன் முதலிய வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரால், அங்குள்ள மக்கள் ஒருபோதும் கண்டிராத முத்திரைகள் மலைபோல் அச்சிடப்பட்டன. 1971இல் அவை ஒன்றிணைந்து ஐக்கிய அரபு அமீரகமானதன் பின்னரே அவ்வெள்ளம் வடிந்தது. பூட்டான் 1970களின் தொடக்கத்தில், இசைத்தட்டுப்போலச் சுழற்றிக் கேட்கக்கூடிய முத்திரைகளையும் வெளியிட்டது. எவரும் கடிதத்தில் ஒட்டாத முத்திரையைத் தபாற்பகுதி விற்குமானால், பெற்ற பணத்துக்கு அது எச்சேவையும் செய்யவேண்டியதில்லை. அந்த இலாபத்துக்குச் சிறுவனின் ஆசை மூலதனம்.

அமெரிக்காவிலே பேஸ்போல் ஆட்டக்காரர் படச் சீட்டுக்களைச் சேர்ப்பவரிடையேயும் இதே வழக்கு நடக்கின்றது. தொடக்கத்தில் அவை சிகரெற் பெட்டிகளிலும், பின்னர் சூயிங்கம் பொதிகளிலும் இலவசமாக வந்தவை. மிக்கி மான்ரில் என்னும் ஆட்டக்காரரின் 1952ஆம் ஆண்டுச் சீட்டு ஒன்று 2022இல் ஒரு கோடியே இருபத்தாறு இலட்சம் டொலருக்கு விற்பனையாயிற்று. அவ்வாண்டுச் சீட்டுக்களில் விற்காது தேங்கியவற்றை, அவற்றை அச்சிட்ட கம்பனியே 1960இல் அத்திலாந்திக் கடலிற் கொட்டியது. குப்பையென்று கடலிற் கொட்டப்பட்டதனாலேயே எஞ்சியது பொன்னாயிற்று! அந்த விலைகளைக் கண்டு மயங்கிய மக்கள் 1980களின் இறுதியில் புதிய சீட்டுக்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டிவைத்தனர். கம்பனிகளும் அளவின்றி அச்சிட்டன. அவற்றுட் பெரும்பாலானவை இன்று அச்சிட்ட கூலிக்கும் ஒவ்வா. இப்போது கம்பனிகள் ‘இது உலகில் ஒன்றே ஒன்று’ என்று இலக்கமிட்டுச் சீட்டு அச்சிடுகின்றன. முன்பு அருமை தற்செயலாகப் பிறந்தது. இன்று அதனை ஆலையிலேயே உற்பத்தி செய்கின்றனர். நாம் இதனை அந்நியர் வேடிக்கையாகக் கூறவில்லை. எங்கள் கண்காட்சி மண்டபத்திற் பரிசு பெற்றதும் இத்தகைய பொருளே.

அங்ஙனமாயின் எதைத்தான் சேர்ப்பது என்று வாசகர் வினவலாம். எமது விடை இது: உழைத்த முத்திரையைச் சேருங்கள், அது உழைத்த உறையோடு சேருங்கள். முத்திரை ஒரு கூலிச் சீட்டு. யாரோ ஒருவர் கூலி கொடுத்தார். யாரோ ஒருவர் மூட்டை சுமந்தார். யாரோ ஒருத்தி படலையில் காத்துநின்று வாங்கினாள். உறையிலே அனுப்பியவர் ஊர் இருக்கின்றது. பெறுபவர் பெயரும் குறிச்சியும் இருக்கின்றன. ‘சீல்’ என்று நாம் வழங்கும் திகதிக் குறி, புறப்பட்ட நாளைக் கூறுகின்றது. பின்புறத்தில் வந்துசேர்ந்த நாளும் சிலவேளை விழுந்திருக்கும். இரண்டுக்குமிடையே உள்ள நாட்களை எண்ணினாற் கப்பலின் வேகம் தெரியும். முத்திரையை நீரில் ஊறவிட்டால் இவை யாவும் போய், ஒரு படம் மட்டுமே எஞ்சும்.

யாழ்ப்பாணத்து வீடொன்றின் உறைகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பாருங்கள். முதலில் மலாயாப் புலிகள் வரும்: ‘மலாயன் பென்சன்’ கல்வீடு கட்டிய காலம் அது. 1942இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் அடுக்கில் ஒரு வெற்றிடம் விழும். 1945 வரை கணவன் உயிரோடிருக்கின்றானா என்றறியாது வாழ்ந்த பெண்களின் மூன்றரை ஆண்டுகள் அவ்வெற்றிடத்தில் இருக்கின்றன. பின்னர் கொழும்பிலிருந்து அரசாங்க எழுதுவினைஞர் எழுதியவை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வெளியான முத்திரைகளை அருகருகே வைத்து, எம்மொழி எவ்விடத்தில், எவ்வளவு பெரிதாக நிற்கின்றது என்று மாணவனையே அளந்து பார்க்கச் செய்யலாம். சட்டம் என்பது என்னவென்று அவன் கண்ணாற் காண்பான். 1971இல் ஆறுமுக நாவலர் படம் பொறித்த முத்திரை வரும். 1983 ஜூலைக்குப் பின்னர் ஜேர்மனி, பிரான்சு, நோர்வே, கனடா. தன் பெயரை ‘ஹெல்வேசியா’ என்று பொறிக்கும் சுவிற்சர்லாந்து. தேசப்படத்தில் அப்பெயரைத் தேடிக் காணாது மாமன் எந்த நாட்டில் இருக்கின்றான் என்று தவித்த பிள்ளைகள் இருந்தனர். 1990இல் பாதை மூடப்பட்ட பின்னரோ, திகதிக் குறிகளின் இடைவெளி வாரங்களாகவும் மாதங்களாகவும் நீளும். இவ்வடுக்கிற் பழையதும் புதியதும் ஒன்றோடொன்று போரிடவில்லை. ஒரே குடும்பத்தின் கதையைத் தொடர்ந்து கூறுகின்றன.

முற்போக்கு நண்பர் சிலர் எம்மை நோக்கி நகைக்கக்கூடும். நிலம் மீளவில்லை, வேலையில்லை, காணாமற்போனோரின் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்திருக்கின்றனர், இந்நிலையில் முத்திரைக்கும் உறைக்கும் ஒரு கட்டுரையா என்பர். நண்பர்களே, அதனாலேதான் எழுதுகின்றோம். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இற் பெயர்க்கப்பட்டவர்களின் காணிகள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வீடிருந்த இடத்தில் வீடில்லை, வேலியில்லை, ஒழுங்கையுமில்லை. மயிலிட்டியில் இன்னார் இன்ன நாளில் தம் வீட்டு வாசலிற் கடிதம் வாங்கினார் என்பதைக் கூறும் உறையொன்று உறுதிப்பத்திரம் ஆகாதுதான். ஆயினும் ஒரு மனிதர் ஓரிடத்தில் வாழ்ந்தார் என்பதற்கு, அவருக்கு எவ்வித உறவுமில்லாத தபாற்கந்தோர் குத்திவைத்த சாட்சி அது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் தொண்ணூற்றேழாயிரம் வரையான நூல்கள் எரிந்தன என்று நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். எரித்தவர்களைப் பழிக்க எமக்கு முழு உரிமையுண்டு. ஆனால் அடுப்பங்கரையில் நாமே எரிப்பதற்கு எவரைப் பழிப்பது?

மற்றொன்றையும் கூறவேண்டும். முன்னர் இப்பொழுதுபோக்கு ஏழைப் பிள்ளைக்கும் திறந்திருந்தது. தபாற்காரரிடமும் அயல்வீட்டாரிடமும் கேட்டாற் கிடைத்தது. இன்று பரிசு பெறுவதற்கு வெளிநாட்டில் ஒரு மாமன் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய தொகுதிக்குப் பரிசளிக்கும் ஆசிரியர், மாணவனின் ஊக்கத்தை மதிப்பிடவில்லை. அவன் உறவினரின் வருமானத்தையே மதிப்பிடுகின்றார். கல்விக்கூடத்தில் இதனைவிடப் பெரிய அநீதி வேறென்ன?

ஆசிரியராகிய எம் கையிலேயே செய்யத்தக்கன சில உள. உறையிலிருந்து முத்திரையைக் கழற்றலாகாது என்பதை முதற் பாடமாக வைப்போம். ஒவ்வோர் உறைக்கும் சிறு துண்டொன்றில், எழுதியவர் யார், பெற்றவர் யார், அப்போது குடும்பத்தில் நடந்தது என்ன என்பவற்றைப் பேத்தியாரிடமும் பேரனாரிடமும் கேட்டு எழுதுவிப்போம்; அவர்கள் இருக்கும்போதே கேட்போம். கடிதங்கள் பிறர் அந்தரங்கம். வீட்டார் இசைந்தவற்றை மட்டும் படம்பிடித்து, 2005 முதல் எம்மவர் எழுத்துக்களை எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகளுக்கு ஒப்படைப்போம். கண்காட்சியில் விலையைப் பற்றிப் பேசும் நடுவரை இருக்கையிலிருந்து எழுப்புவோம்.

புதியதையும் நாம் வெறுக்கவில்லை. கடிதம் அருகிவிட்ட இக்காலத்திற் கைத்தொலைபேசியிற் குரல் வருகின்றது, மறுநாள் அழிகின்றது. கடைசியாக வீட்டுக்கு வந்த வான்கடிதம் எது, அது எந்த ஆண்டில் வந்தது என்று உங்கள் வீட்டிற் கேட்டுப்பாருங்கள். அதற்குப் பின்வந்த பொதிச் சீட்டும் பணம் வந்த பற்றுச்சீட்டும் நாளைய வரலாற்றின் புலி முத்திரைகளாகும்.

அம்மாணவனின் முப்பத்தேழு புலிகள் இன்றும் புத்தகத்திற் பாய்ந்தபடியே நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. பூட்டனார் பூட்டிக்கு என்ன எழுதினார் என்பதை இனி எவராலும் அறிய முடியாது. வாசகரே, உங்கள் வீட்டுப் பரணில், றங்குப்பெட்டியின் அடியில், இத்தகைய தகரம் ஒன்று இருக்கக்கூடும். எவரும் தண்ணீர்ச் சட்டியோடு வருவதற்கு முன்னர் அதனை எடுத்துத் திறந்து படியுங்கள்.