தாண்டியாவுக்கு எந்த உடை?

நவராத்திரி முடிந்து, கொலுப் பொம்மைகளைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியாயிற்று. குழந்தைகளின் ஆட்ட உடைகளைத் துவைத்து மடிக்கும் இவ்வேளையில் அவ்வுடைகளைப் பற்றியே இம்மாதம் சிறிது பேச விரும்புகிறோம். நவம்பர் 14இல் குழந்தைகள் தினம் வருகிறது. அதன் பின்னர் ஆண்டு விழா. ஒவ்வொன்றுக்கும் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். ஒவ்வொரு சுற்றறிக்கையும் நம் இல்லங்களில் ஒரு சிறு கலகத்தை உண்டாக்கும். ஆகவே இப்பேச்சு காலங்கடந்ததாகாது.

அகமதாபாத்தில் வாழும் நம்மவர்க்கு 'டிஸ்கோ தாண்டியா' இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. வேறு நகரங்களில் உள்ள அன்பர்களுக்காகச் சொல்லுகிறோம். நடுவே விளக்கையோ அம்பிகையின் திருவுருவையோ வைத்து, கைகொட்டிக் குனிந்து நிமிர்ந்து, வட்டமாகச் சுற்றி வருவது கர்பா. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது இதனைத்தான். கோல் கொண்டு ஆடுவது தாண்டியா. நம் கோலாட்டத்துக்கு உறவுமுறை. இவற்றை ஒலிபெருக்கியில் முழங்கும் வேகமான சினிமா மெட்டுக்களோடு கலந்துவிட்டால் அதுவே டிஸ்கோ தாண்டியா. இங்குள்ள பல பள்ளிகளில் நவராத்திரியை ஒட்டி ஒரு மாலை, சிறு குழந்தைகளுக்கென்றே இது நடக்கிறது. இரண்டு மணி நேரம் ஆட்டம், பின்னர் சிற்றுண்டி. அழைப்பில் 'பாரம்பரிய உடை' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எவருடைய பாரம்பரியம் என்று எழுதுவதில்லை.

2024ஆம் ஆண்டில் நாம் செய்த பிழையை முதலில் ஒப்புக்கொள்ளுகிறோம். நமது மகளுக்கு அப்போது ஆறு வயது. வகுப்புத் தோழியர் எல்லோரும் சணியா சோளி அணிவார்கள் என்று அவள் முன்னமே சொன்னாள். நாமோ, நம் ஊர்ப் பட்டுப் பாவாடைக்கு எது ஈடு என்று கூறி, சரிகைக் கரை வைத்த பாவாடையையும் சட்டையையும் உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து அனுப்பினோம். பள்ளிக்குக் கூட்டிச் சென்ற இல்லாள், "பட்டம்மா, கீழே உட்காராதே, கறை படும், ஓடாதே, கரை கிழியும்" என்று வாசல் வரையில் சொல்லிக்கொண்டே போனாள். திரும்ப அழைத்துவரச் சென்றபோது குழந்தை சுவரோரம் ஒரு நாற்காலியில், பாவாடையை இரு கையாலும் பிடித்தபடி அமர்ந்திருந்தாள். கோல்கள் இரண்டும் மடியில் இருந்தன. ஆடினாயா என்று கேட்டோம். "பாவாடை சுத்தலை, அப்பா" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை; அழவும் இல்லை. அழுதிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் சொன்னது உண்மையே. பட்டுப் பாவாடை விறைப்பாக நிற்பதற்காக நெய்து தைத்தது. கோயிலுக்கும் கொலுவுக்கும் அதுவே அழகு. சணியாவோ சுழல்வதற்காகவே தைத்தது. அதன் அடிச்சுற்றளவை இங்கே 'கேர்' என்பார்கள். கடைக்காரரிடம் முதற்கேள்வியே கேர் எத்தனை மீட்டர் என்பதுதான். உயரம் குறைவு, சுற்றளவு மிகுதி, துணி இலேசு. ஆட்டத்துக்கான உடையை ஆட்டம் தெரிந்தவர்கள் அமைத்திருக்கிறார்கள். நாமோ குழந்தையை ஆட அனுப்பவில்லை. தமிழர் என்று எழுதிய ஒரு பலகையை அனுப்பியிருக்கிறோம்.

2025இல் மகள் மறுபடியும் சணியா சோளி கேட்டாள். இம்முறை எதிர்த்தவர் நமது அன்னையார். "பேரே சரியில்லையே! சனி என்று ஆரம்பிக்கிறதையா பிள்ளைக்கு உடுத்துவது?" என்பது முதல் ஆட்சேபம். முதுகுப் பக்கம் கயிறு மட்டும் கட்டிய சோளி ஏழு வயதுக் குழந்தைக்கு ஆகாது என்பது இரண்டாவது. முதலாவதைச் சிரித்து ஒதுக்கினோம். இரண்டாவதை ஒதுக்க முடியவில்லை. கழுத்திலும் முதுகிலும் தொங்கும் அந்தக் கயிறுகளும் குஞ்சங்களும் பக்கத்துக் குழந்தையின் கோலில் சிக்குவதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

லா கார்டன் கடைவீதிக்குப் போனோம். கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள்! விலை மலிந்தவையெல்லாம் செயற்கை நூல். புரட்டாசிப் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விளக்கும் மத்தாப்பும் உள்ள இடத்தில் அதற்கு மேலும் ஓர் அபாயம் உண்டு. பருத்தியும் எரியக்கூடியதுதான், ஆனால் பாலியஸ்டர் உருகித் தோலோடு பற்றிக்கொள்ளும். கண்ணாடிப் பதிப்பு இன்னொன்று. கச்சு வேலைப்பாட்டில் ஒவ்வொரு கண்ணாடியையும் சுற்றி நூலால் வளையம் தைத்து இறுக்குவார்கள். மலிவுச் சரக்கில் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியது உதிரும், உதிர்ந்தது வெறுங்காலில் ஆடும் குழந்தைகளின் காலடியில் கிடக்கும். கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள். வாடகைக்கு எடுப்போரும் உளர். ஒரு மாலைக்கு அது சிக்கனமே, ஆயினும் முன்பு உடுத்தவர் யாரென்று தெரியாததால் ஒரு முறை அலசி உலர்த்திய பின்னரே குழந்தைக்குப் போடுங்கள். போலி வெள்ளி நகைகளைப் பற்றி ஒரு சொல்: அவற்றில் நிக்கல் கலந்திருந்தால் சில குழந்தைகளுக்குக் கழுத்தெல்லாம் தடிப்புக் காணும். சிவப்புச் சாயம் பூசிய உதடுகளைப் பற்றி நாம் எதுவும் சொல்லப் போவதில்லை; சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வெறுங்கையோடு திரும்பினோம். இரயில்வேயில் 78 நாள் போனஸ் என்று செய்தித்தாளில் படித்துவிட்டு நம்மைக் குபேரர் என்று எண்ணுவோர் உண்டு. 2025இலும் அக்கணக்கு மாதம் 7,000 ரூபாய் உச்சவரம்பில்தான் போடப்பட்டது. கைக்கு வருவது மிகுந்தால் 17,951 ரூபாய். அதற்குள் தசராவும் தீபாவளியும் அடங்க வேண்டும்.

அன்றிரவு அன்னையார் தம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அரக்கு நிறத்தில் வெண்புள்ளியிட்ட மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்தார். நைந்ததல்ல, உடுத்தி உடுத்தி மென்மையானது. சேலையின் நீளத்தில் மூன்றரை மீட்டரை அப்படியே கேராக விட்டு, இடுப்பில் சுருக்கி, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்குமாறு தாமே பொறியில் தைத்தார். முழுச் சேலையையும் சுருக்கினால் குழந்தையின் இடுப்பு தாங்காது. நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்தார். அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடும் பிள்ளை நாடா முடிச்சோடு போராடக் கூடாதல்லவா! உள்ளே ஓர் அரைக்கால் சட்டை. மேலே, முதுகு மூடிய வெள்ளைப் பருத்திச் சோளி, கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் பிடிக்காதபடி அக்குளில் தளர்த்தித் தைத்தது. கண்ணாடி வேண்டும் என்று மகள் மன்றாடியதால் கரையில் மட்டும் பன்னிரண்டு, நூலால் கட்டி. மிஞ்சிய துணியில் நாலு வயது மகனுக்கு ஒரு கேடியு, அதாவது மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்த குட்டைச் சட்டை. அவனுக்குத் தலைப்பாகையும் கட்டினோம். ஐந்து நிமிடத்தில் அது எங்கோ போயிற்று. மையால் வரைந்த மீசை மட்டும் இரவு வரை நின்றது.

பள்ளி வாசலில் ஒரு குஜராத்திப் பாட்டியம்மாள் பாவாடையைத் தொட்டுப் பார்த்து, "பாந்தணியா?" என்று வினவினார். அன்னையாருக்கு மொழி விளங்கவில்லையாயினும் வினா விளங்கிற்று. "சுங்குடி, மதுரை" என்றார். துணியை முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிப் புள்ளி எடுக்கும் அத்தொழிலை மதுரையில் வளர்த்தவர்கள் சௌராஷ்டிரர்கள். அவர்களுடைய முன்னோர் இந்தக் குஜராத் மண்ணிலிருந்து சென்றவர்கள் என்பது அவர்களது மரபு. 2023 ஏப்ரலில் சோமநாத்தில் அவர்களுக்கென்றே ஒரு சங்கமம் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாட்டிமார் இருவரும் ஆட்டம் முடியும்வரை அந்தப் புள்ளிகளைப் பற்றியே சைகையால் பேசிக்கொண்டிருந்தனர்.

மகள் இம்முறை நாற்காலியைத் தேடவில்லை. வியர்த்துச் சிவந்து, ஒரு கோலைத் தொலைத்து, மற்றவள் கோலைக் கொண்டு வந்தாள்.

ஆயினும் ஒன்று உறுத்தியது. முடிவில் 'சிறந்த உடை'க்கு ஒரு பரிசு வழங்கினார்கள். பரிசு பெற்ற குழந்தை உடையின் கனத்தால் பாதி ஆட்டத்தில் தாயின் மடிக்குப் போய்விட்டது. அப்பரிசு யாருக்குரியது? பெற்றோரின் பணப்பைக்குத்தானே! பரிசு கொடுப்பதானால் கடைசி மெட்டு வரை நின்று ஆடிய பிள்ளைக்குக் கொடுங்கள் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சொல்ல எண்ணியிருக்கிறோம். நம்மவர் நாலு பேர் சேர்ந்து சொன்னால் செவிசாய்ப்பார்கள்.

அந்தப் பாவாடையை நேற்றுத் துவைத்தோம். சாயம் சற்று இறங்கி, சோளியின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. சேர்த்து நனைத்தது நமது குற்றம். மகளுக்கு அதில் வருத்தமில்லை. குழந்தைகள் தினத்துக்கும் அதையே உடுத்துவதாகச் சொல்லுகிறாள். சுற்றறிக்கை இன்னும் வரவில்லை.