இரண்டாமிடத்துப் பிள்ளைகள்

அமெரிக்க ஜூனியர் அமெச்சூர் கோல்ஃப் பட்டத்தை ஜாக் நிக்லஸ் ஒருமுறைகூட வென்றதில்லை. பின்னாளில் 18 மேஜர் பட்டங்களை வாரிக் குவித்த மனிதர், பையனாக இருந்த காலத்தில் இந்தப் போட்டியில் திரும்பத் திரும்ப முட்டிப் பார்த்தார்; கிடைக்கவில்லை. 1953இல், 13 வயதில், துல்சாவின் சதர்ன் ஹில்ஸ் மைதானத்துக்குக் கடைசி நேரத்தில் வந்து நின்றார். அங்கே இருந்த கோல்ஃப் சங்க நிர்வாகி ஜோ டே, இன்னும் அரை நிமிடம் தாமதித்திருந்தால் முதல் குழியை எதிராளிக்குத் தாரைவார்த்துவிட்டு இரண்டாவதில்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்திருக்கும் என்று எச்சரித்ததாக நிக்லஸ் சொல்வதுண்டு.

எனக்கு இந்தப் போட்டியின் சரித்திரத்தில் வென்றவர்களைவிடத் தோற்றவர்கள்தான் சுவாரஸ்யம். 1948இல் மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் நடந்த முதல் போட்டியை வென்றவர் டீன் லிண்ட். கோல்ஃப் ரசிகர்களிலேயே பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. தோற்றவரைத் தெரியும்: கென் வென்ச்சூரி. திக்குவாயால் ஒதுங்கிப்போய், தனியாக ஆடலாம் என்பதற்காகவே கோல்ஃபைப் பிடித்துக்கொண்ட பையன். 1964இல் கொளுத்தும் வெயிலில் மயங்கி விழாத குறையாக நடந்து அமெரிக்க ஓபனை வென்றார். பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளராக முப்பது வருடத்துக்கும் மேல் பேசினார். திக்குவாய்ப் பையன்தான்!

இப்படித் தலைகீழாகப் போவதற்கு ஆட்டமுறையும் ஒரு காரணம். முதல் இரண்டு நாள் மொத்த அடிகளை எண்ணி 64 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் பிறகு ஒருவருக்கொருவர் மோதும் மேட்ச் பிளே. ஒவ்வொரு குழியும் தனிக்கணக்கு. ஒரு குழியில் பத்து அடி அடித்துச் சொதப்பினாலும் அந்த ஒன்றுதான் போகும். அடுத்ததில் மீண்டும் சமமாக நிற்கலாம். 2005இல்தான் இறுதியாட்டத்தை 36 குழிகளாக்கினார்கள். அதுவரை 18தான். 18 குழியில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று தீர்ப்புச் சொல்வது, என்னைக் கேட்டால், பாதி சீட்டுக் குலுக்கல்.

டைகர் உட்ஸ் 1991, 92, 93 என மூன்று வருடம் தொடர்ந்து வென்றார். வேறு யாரும் மூன்று முறை வென்றதில்லை; ஜோர்டன் ஸ்பீத்துக்கு இரண்டு. ஆனால் டைகரின் அந்த மூன்று இறுதியாட்டங்களும் முடிந்த விதத்தைப் பாருங்கள்: 19ஆவது குழி (18இல் சமநிலையானால் ஆடும் கூடுதல் குழி), ஒரே குழி வித்தியாசம், மறுபடியும் 19ஆவது குழி. மயிரிழை என்பது இதுதான்.

1993இல் போர்ட்லண்டின் வேவர்லி மைதானத்தில் எதிரே நின்றவர் ரையன் ஆர்மர். இருவருக்கும் வயது 17. இரண்டு குழி பாக்கி, ஆர்மர் இரண்டு குழி முன்னிலை. ஒன்றைச் சமன் செய்தாலே கோப்பை அவருக்கு. டைகர் 17இல் பேர்டி, அதாவது நிர்ணயித்த எண்ணிக்கையைவிட ஓர் அடி குறைவாக, அடித்தார். 18இல் பந்து மணற்பள்ளத்துக்குள் போயிற்று. அங்கிருந்து தூக்கிக் குழிக்குப் பக்கத்தில் போட்டு, அதிலும் பேர்டி. கூடுதல் குழியில் கதை முடிந்தது.

ஆர்மர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களின் பி.ஜி.ஏ. டூரில் அவருடைய முதல் வெற்றி 2017 அக்டோபரில், மிசிசிப்பியில் நடந்த சாண்டர்சன் ஃபார்ம்ஸ் போட்டியில் வந்தது. அப்போது வயது 41. வித்தியாசம் ஐந்து அடி. 1992இல் டைகரிடம் தோற்ற மார்க் வில்சனும் சும்மா இல்லை, பி.ஜி.ஏ. டூரில் ஐந்து போட்டிகளை வென்றார்.

2010இல் 14 வயது ஜிம் லியூ கோப்பையைத் தூக்கினார். அதுவரை இந்தப் பட்டத்தை வென்றவர்களில் அவர்தான் மிகச் சிறியவர். அன்று தோற்ற ஜஸ்டின் தாமஸ் இப்போது இரண்டு பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்களுக்குச் சொந்தக்காரர்.

வென்றவர் யாருமே தேறவில்லை என்று சொன்னால் பொய். 2013இன் சாம்பியன், பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஸ்காட்டி ஷெஃப்லர். ஜூனியர் பட்டத்தையும் பெரியவர்களுக்கான அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் சேர்த்து வென்றவர்கள் இருவர்: டைகர், பிறகு நிக் டன்லப். டன்லப் 2024 ஜனவரியில், கல்லூரி மாணவராக இருக்கும்போதே, கலிஃபோர்னியாவில் ஒரு பி.ஜி.ஏ. டூர் போட்டியை வென்றுவிட்டார். ஓர் அமெச்சூர் அப்படி வென்றது 1991க்குப் பிறகு அதுவே முதல் முறை. அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தைத் தொட முடியாது. 15 லட்சம் டாலருக்கு மேற்பட்ட முதல் பரிசு, இரண்டாவதாக வந்த தென்னாப்பிரிக்கர் கிறிஸ்டியான் பெசைடன்ஹவுட்டின் கணக்கில் ஏறியது.