ஏற்கெனவே உள்ளே இருப்பவர்

கணினிக் குறைபாடுகளின் ஆபத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிடுவது உலக வழக்கம். எங்கிருந்தோ நுழைய வழிவிட்ட லொக்ஃபோர்ஷெல் என்ற குறைபாடு 2021 டிசம்பரில் பத்துக்குப் பத்து பெற்றது. சாதாரணப் பயனர் நிர்வாகி அதிகாரத்தைப் பறிக்க உதவும் குறைபாட்டுக்கோ, உள்ளே இருப்பவரால்தானே முடியும் என்று புள்ளி குறைகிறது. லினக்ஸில் 2009 முதல் கிடந்து, 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளிப்படுத்திய பொன்கிட்டுக்கு 7.8. விண்டோஸ் 10இல் 2021 ஜூலையில் தெரியவந்த சீரியஸ்சாமுக்கும் 7.8.

ஆளுக்கொரு கணினி உள்ள ஊருக்கு இந்தக் கணக்குச் சரி. இலங்கையின் ஊவா மாகாணத்துக்குச் சரியில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து பதுளை டவுனுக்கு பஸ் ஏறுகிறவர்கள் வேலை விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, ஈபிஎஃப் படிவம் என்று எல்லாவற்றுக்கும் போவது கொமியூனிகேஷன் கடைக்கு. அங்கே ஒரே கணினிமுன் ஊரே உட்காருகிறது. எல்லோரும் உள்ளே இருப்பவர்களே. ஒருவருடைய பென் டிரைவில் வந்த நிரல் நிர்வாகி அதிகாரம் பெற்றுவிட்டால், பிறகு வருகிற ஒவ்வொருவரும் தட்டும் கடவுச்சொல் அதன் கையில். ஸ்கேன் செய்த அடையாள அட்டைகளும் அப்படியே.

சீரியஸ்சாமை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கடவுச்சொற்களின் மறையாக்க வடிவங்கள் இருக்கும் கோப்பை, விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் பழைய நகல்கள் வழியாகச் சாதாரணப் பயனரே படிக்க முடிந்தது. மைக்ரோசொஃப்ட் ஆகஸ்டில் திருத்தம் தந்தது. ஆனால் அதை நிறுவினால் மட்டும் போதாது, பழைய நகல்களைக் கையால் அழிக்க வேண்டும். கடைக்காரருக்கு இதை யார் தமிழில் சொல்வது? வாடிக்கையாளரையும் நிர்வாகி கணக்கிலேயே உட்காரவிடும் கடையில் குறைபாடுகூடத் தேவையில்லை. சாவி கதவிலேயே தொங்குகிறது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றன. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. காலாவதியான மென்பொருளை மாற்றாமல் தள்ளிப்போட்ட அரசே, 2023இல் லங்கா அரசாங்க கிளவுட் மீதான தாக்குதலில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தது. சிறு கடைக்காரரை மட்டும் குறை சொல்வது அநியாயம்.

பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி பயிலும் அதன் மாணவர்களை மாகாண சபை இந்தக் கடைகளுக்கு அனுப்பலாம். வாடிக்கையாளருக்கு அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு, மாதந்தோறும் திருத்தங்கள், மாலையில் ஸ்கேன் கோப்புகளை அழித்தல்: ஒரு கடைக்கு அரை நாள் வேலை. அடுத்த உயர்தரப் பரீட்சை விண்ணப்பங்கள் தொடங்குமுன் அது நடக்க வேண்டும்.